வேஷம் கட்டி வரும் பிள்ளைக்குக் கதவைத் திறங்க

அக்டோபர் பிறந்துவிட்டால் வெளிநாட்டில் குடியேறிய எங்கள் பெண்ணாடத்துப் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். நியூஜெர்சியில் இருக்கிற சித்தி மகள் கேட்பாள். டொராண்டோவில் இருக்கிற பள்ளித் தோழன் கேட்பான்.

"31ஆம் தேதி ஹாலோவீன். தெருப் பிள்ளைங்க எல்லாம் பேய் வேஷம், எலும்புக்கூடு வேஷம் போட்டுக்கிட்டு வந்து கதவைத் தட்டும். நமக்கு அது பழக்கமே இல்ல. வாசல் லைட்டை அணைச்சிட்டு உள்ளேயே இருந்துடலாமா? கதவைத் திறந்தா என்ன சொல்றது, என்ன கொடுக்கிறது?"

31ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் தயக்கம் இன்னும் கூடும். விளக்கேற்றிய வீட்டு வாசலில் பேய் வேஷம் வந்து நிற்கலாமா என்று இங்கிருக்கிற அம்மாக்களும் போனில் சேர்ந்துகொள்வார்கள்.

எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். தாராளமாகத் திறங்க. விளக்கைப் போட்டு வச்சுட்டு, வெளியே வந்து, சிரிச்ச முகமாக் கொடுங்க. இதற்கான முறையை நீங்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வேஷம் தரித்து வாசலுக்கு வருகிறவரை எப்படி வரவேற்பது என்பதை வைத்தே நாயன்மார் வரிசையில் இடம்பெற்ற ஒருவர் நம்ம ஊர்க்காரர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நம்ம தெருவில் நாமே பார்த்து வளர்ந்ததை நினைவுபடுத்திவிடுகிறேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை

கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர்களுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமையை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பெருமாளை வேண்டிக்கொண்ட வீட்டில் அன்று காலை பிள்ளைகளைத் தலைக்குக் குளிப்பாட்டி, நெற்றி நிறைய நாமம் போட்டு, இடுப்பில் சின்ன வேட்டியோ துண்டோ கட்டிவிடுவார்கள். புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு கையில் இருக்கும். சொம்பின் வயிற்றிலும் நாமம், கழுத்தில் துளசி மாலை. பிள்ளைகள் கூட்டமாகத் தெருவில் இறங்கி வீடு வீடாகப் போய் "கோவிந்தா... கோவிந்தா..." என்று குரல் கொடுப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் வந்து சொம்பில் அரிசி போடுவார்கள்.

பத்து மூட்டை நெல் வீட்டில் அடுக்கியிருந்தாலும் அன்றைய தளிகைக்கு நாலு வீட்டு அரிசி சேர வேண்டும் என்பது வேண்டுதல். அதனால் வசதியான வீட்டுப் பிள்ளையும் சொம்பைத் தூக்கும். வாங்கி வந்த அரிசியைச் சேர்த்துப் பொங்கி, மாவிளக்கு ஏற்றிப் படைப்பார்கள். முடிந்தவர்கள் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்கோ ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலுக்கோ போய் வருவார்கள்.

சொம்பை விட, கொடுக்கிறவர்கள் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு மனசில் நிற்கிறது. என் பெரியம்மா சனிக்கிழமை காலையில் கூடத்தில் ஒரு முறம் அரிசியைத் தயாராக வைத்துவிடுவார். தெருமுனையில் குரல் கேட்டதுமே செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கையைக் கழுவி, ஆழாக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். உள்ளே இருந்தபடி "இந்தா வாங்கிக்க" என்று நீட்டியதே இல்லை. படி இறங்கித் தெருவுக்கு வந்து, "வாங்க சாமி" என்பார். ஏழு வயசுப் பையனுக்கும் சாமிதான், அக்கா இடுப்பில் இருக்கிற ஒன்றரை வயசுக் கைப்பிள்ளைக்கும் சாமிதான். அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தால் மூன்று சொம்பிலும் தனித்தனியாகப் போடுவார். "ஒரே வீட்டுப் பிள்ளைங்கதானே, ஒருத்தனுக்குப் போட்டாப் போதாதா" என்று நாங்கள் கேட்டால், "மூணு பேரு வந்திருக்காங்கல்ல, மூணு பேரும் பெருமாளு பேரைத்தான் சொல்றாங்க" என்பார். கடைசியாகக் கை கூப்புவார். அந்தப் பையனை முந்தின நாள் எங்கள் வீட்டு மாங்காய் அடித்ததற்காகத் துரத்தியவரும் அவர்தான். சனிக்கிழமை காலையில் அந்தக் கணக்கு வாசலுக்கு வராது.

வாசற்படிக்கு என்று சில முறைகள்

நம்ம வீடுகளில் வாசலில் கொடுப்பதற்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது அதற்காகத் திட்டு வாங்கியிருக்கும்.

கொடுப்பவர் நிலைப்படிக்கு உள்ளேயும் வாங்குபவர் வெளியேயும் நின்றுகொண்டு எதையும் கைமாற்றக் கூடாது. ஒன்று, நீ வெளியே வா. இல்லை, அவரை உள்ளே கூப்பிடு. லட்சுமி போய்விடுவாள் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள்.

வந்தவரிடம் "இல்லை" என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. கொடுக்க முடியாத நேரத்தில் "போயிட்டு வாங்க", "அப்புறமா வாங்க" என்பார்கள்.

விளக்கு வைத்த பிறகு அரிசி, உப்பு, காசு எதுவும் வீட்டிலிருந்து வெளியே போகாது. அதனால்தான் கோவிந்தாச் சொம்பு காலை வெயிலில் வருகிறது. ஹாலோவீன் பிள்ளைகள் இருட்டின பிறகு வருவதைப் பார்த்து நம்ம அம்மாக்கள் சங்கடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மிட்டாய்ப் பையைப் பகலிலேயே வாசலுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், மனசு சமாதானமாகிவிடும் என்று அவர்களுக்கு வழி சொல்லியிருக்கிறேன்.

ஆடி மாதத்தில் இன்னொரு காட்சி. மாரியம்மன் கரகமோ தீச்சட்டியோ தெருவில் வரும்போது வீட்டுப் பெண்கள் மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குடத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கரகம் வாசலில் நின்றதும் தூக்கி வருகிறவரின் காலில் அந்தத் தண்ணீரை ஊற்றி விழுந்து கும்பிடுவார்கள். அவர் மறுநாள் காலை கரும்பு வெட்டப் போகிற கூலிக்காரராக இருக்கலாம். கரகம் தலையில் இருக்கும் வரைக்கும் அவர் ஆத்தா.

பயமுறுத்துகிறவர்களும் வருவார்கள்

ஹாலோவீன் வேஷங்கள் பயங்கரமாக இருக்கின்றன, நம்ம வேஷங்கள் தெய்வீகமானவை என்று சிலர் பிரித்துப் பேசுகிறார்கள். குடுகுடுப்பைக்காரரை அவர்கள் மறந்துவிட்டார்கள். நடுச்சாமத்தில் சுடுகாட்டுப் பக்கத்திலிருந்து வருவதாகப் பேர். தலைப்பாகை, கோட்டு, கையில் விடாமல் அடிக்கிற குடுகுடுப்பை. அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் போர்வைக்குள் போய்விடுவோம். ராத்திரியில் கதவு திறக்க மாட்டார்கள். விடிந்த பிறகு அதே ஆள் வருவார். அப்போது அரிசியும் பழைய துணியும் கொடுத்து, நல்ல வாக்குக் கேட்டு அனுப்புவார்கள். முதல் நாள் ராத்திரி பயந்த பிள்ளை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பகலில் அவர் முகத்தைப் பார்க்கும். பயம் தெளிகிற இடமும் அதே வாசல்தான்.

பகல்வேஷக்காரர்கள் அனுமாராகவும் போலீஸ்காரராகவும் வேஷம் கட்டிக் கடைத்தெருவில் நடப்பார்கள். மாசி மாதம் மயானக் கொள்ளைக்கு மேல்மலையனூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் காளி வேஷம் கட்டி ஆடுவார்கள். தெற்கே தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேர்ந்துகொண்ட பக்தர்கள் காளி, குறவன் குறத்தி, குரங்கு, கரடி, பிச்சைக்காரர் என்று வேஷம் கட்டி, ஊர் ஊராக, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, அதை அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். வியாபாரம் செய்கிறவரும் அரசு வேலையில் இருப்பவரும் அந்த நாட்களில் வேஷத்தோடு வாசலில் கையேந்துவார்கள். காளி வேஷக்காரர் வந்தால் வீட்டில் உள்ளவர்கள் காலில் விழுந்து குங்குமம் வாங்கிக்கொள்வார்கள். நீ யார், எங்கே வேலை பார்க்கிறாய் என்று காளியிடம் யாரும் கேட்பதில்லை.

கலிக்கம்பர் வீட்டு வாசல்

இப்போது எங்கள் ஊர்க்காரருக்கு வருகிறேன்.

விருத்தாசலத்திலிருந்து அரியலூர் போகிற ரயில் பாதையில், திட்டக்குடி வட்டத்தில் இருக்கிறது பெண்ணாடம். பெண்ணாகடம் என்று பழைய நூல்கள் சொல்லும். ஊர்க் கோயிலான பிரளயகாலேசுவரர் கோயிலுக்குத் திருத்தூங்கானைமாடம் என்று பெயர். படுத்து உறங்கும் யானையின் பின்புறத்தைப் போலக் கருவறை விமானம் வளைந்திருக்கும். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அப்பர் தன் தோளில் சூலமும் இடபமும் பொறிக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றது இங்கேதான். கருவறையின் மூன்று பக்கமும் பலகணி வைத்திருப்பதால் சுற்றி வரும்போதும் மூலவரைப் பார்த்துக்கொண்டே வரலாம். நந்தி இங்கே சாமிக்கு முகம் காட்டாமல் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். பிரளய வெள்ளம் வந்தபோது அதைத் தடுக்கத் திரும்பியது என்பது தலபுராணம்.

இந்த ஊரில் வணிகர் குலத்தில் வாழ்ந்தவர் கலிக்கம்பர். சிவனடியார்கள் யார் வந்தாலும் வாசலில் எதிர்கொண்டு, கால் கழுவி, உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்புவதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர். மனைவி கரகத்தில் தண்ணீர் வார்ப்பார். கலிக்கம்பர் அடியார்களின் கால்களை விளக்குவார். ஒருநாள் வந்த அடியார் கூட்டத்தில், முன்பு அவர்கள் வீட்டிலேயே ஏவல் வேலை பார்த்து, அது பிடிக்காமல் போய்விட்ட ஒருவரும் அடியார் வேஷத்தில் வந்திருந்தார். வரிசையில் அவர் முறை வந்தது. கலிக்கம்பர் அவர் காலைப் பிடித்துவிட்டார். தண்ணீர் விழவில்லை. இவன் நம்ம வீட்டு வேலையாள் ஆயிற்றே என்று மனைவிக்குத் தோன்றியது, கை நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததாகச் சேக்கிழார் எழுதுவது கொடுமையானது. மனைவியின் கையை வெட்டிவிட்டுக் கரகத்தைத் தானே வாங்கித் தண்ணீர் வார்த்துக் காலைக் கழுவி, மிச்சமிருந்த உபசாரத்தையும் செய்து முடித்தார் கலிக்கம்பர். நான் இந்த ஊரில் பிறந்தவன், இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அந்த வெட்டை எந்த விளக்கம் சொல்லியும் என்னால் ஏற்க முடியாது. தயங்கிய ஒரு பெண்ணின் கையை வெட்டுவது பக்தி ஆகாது. இதை எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்றும் சொல்வேன்.

ஆனால் அந்தத் தயக்கத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. நேற்று வரை நம்மிடம் வேலை செய்தவர் இன்று வேறு கோலத்தில் வாசலில் நிற்கிறார். கோலத்துக்கு மரியாதை செய்வதா, நேற்றைய கணக்கைப் பார்ப்பதா? கலிக்கம்பர் கால்களைப் பார்த்தார். மனைவி முகத்தைப் பார்த்தார். நம்மில் பெரும்பாலானவர்கள் அந்த மனைவியைப் போலத்தான் வாசலில் நிற்கிறோம்.

கலிக்கம்பர் கதை வருகிற இதே பெரியபுராணத்தில் திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் கதையும் வருகிறது. போரில் தோற்ற பகைவன் முத்தநாதன் திருநீறு பூசிச் சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்து அரசரைக் குத்தினான். சாகும் நேரத்திலும் அந்த வேஷத்துக்குத் தீங்கு வரக் கூடாது என்று சொல்லி, தன் காவலன் தத்தனைத் துணைக்கு அனுப்பி அவனை ஊர் எல்லைக்கு வெளியே பத்திரமாக விடச் செய்தார் அரசர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றிய நூலில் வேஷம் என்ற கேள்வி இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது. நம்ம பக்கத்து மண்ணுக்குப் பழகிய கேள்வி இது.

வாசலில் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வி

நம்ம ஊர் வாசல்களைப் பற்றிப் பெருமை பேசும்போது பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு. காலனிப் பிள்ளைகள் சொம்பு எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவுக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. வரக் கூடாது என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாத பிள்ளை ஒன்று வந்து நின்றால் சில வீடுகளில் அரிசிக்கு முன்னால் "யார் வீட்டுப் புள்ள நீ?" என்ற கேள்வி வரும். அது எதற்கான கேள்வி என்று பிள்ளைக்கும் தெரியும்.

பெரியபுராணம் இதையும் பதிவு செய்திருக்கிறது. கொள்ளிடக் கரை ஆதனூரில் பிறந்த நந்தனார் தில்லை எல்லைக்கு வந்தும் உள்ளே போக முடியாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் அவருக்குக் கோயில் வழி திறந்தது. அவரும் பக்திக் கோலத்தோடுதான் வந்தார். அந்த வாசலில் கோலம் பார்க்கப்படவில்லை, பிறப்புப் பார்க்கப்பட்டது. ஒரே மாவட்டம், ஒரே நூல், இரண்டு வாசல்கள். எந்த வாசலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

நல்ல பாடமும் பக்கத்திலேயே இருக்கிறது. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் நடக்கிற உற்சவத்தின் எட்டாம் நாள், நடராஜரின் ஊரில் சிவன் பிட்சாடனர் கோலத்தில் தங்க ரதத்தில் வீதி வருகிறார். கையில் ஓடு ஏந்திய பிச்சைக்கார வேஷம். வாசலுக்கு வருகிற ஏழையின் கோலத்தில் யார் இருக்கிறார் என்பதை வருஷத்துக்கு இரண்டு முறை அந்த வீதிகள் பார்க்கின்றன. மாசிமகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகும்போது, வழியில் தர்காவின் முன்னால் நிற்பார். இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்வார்கள், கோயில் தரப்பிலிருந்து தர்காவுக்கு மரியாதை போகும். வேறு சாமி, வேறு சமயம் என்று அங்கே யாரும் கதவை மூடவில்லை.

ஹாலோவீன் எங்கிருந்து வந்தது

இந்த அளவு சொன்ன பிறகு ஹாலோவீனைப் பார்த்தால் அதில் அந்நியமாக அதிகம் தெரியாது. நவம்பர் 1 கத்தோலிக்கருக்குச் சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்தின மாலைதான் ஹாலோவீன். மறுநாள் நவம்பர் 2 இறந்தோர் நாள். நம்ம ஊரில் அதைக் கல்லறைத் திருநாள் என்கிறோம். விருத்தாசலம் பக்கத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலுக்குப் போகிற குடும்பங்கள் அன்றைக்குக் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்க்கலாம். அமாவாசைக்கு முன்னோருக்குப் படைக்கிற நமக்கு அதன் பொருள் உடனே விளங்கும்.

பழைய இங்கிலாந்தில் இந்த நாட்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்வதாகச் சொல்லிச் சின்னச் சின்ன ரொட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் மாறுவேஷத்தில் போய், ஒரு பாட்டோ வேடிக்கையோ செய்து காட்டிய பிறகு பழமும் காசும் வாங்குவார்கள். அங்கே முதலில் விளக்காகக் குடைந்தது டர்னிப் கிழங்கை. அமெரிக்கா போன பிறகுதான் பூசணிக்காய் வந்தது. "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்ற கூப்பாடு 1920களில் கனடா நாளிதழ்களில் பதிவாகியிருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தபோது வழக்கம் தளர்ந்தது, போருக்குப் பிறகு பெரிதாக எழுந்தது. 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கி, மிட்டாயோடு யுனிசெப்புக்கான காசையும் பெட்டியில் வாங்கிச் சேர்க்கும் பழக்கம் பிள்ளைகளிடம் பரவியது. வாங்குவது தனக்காக மட்டும் இருக்கக் கூடாது என்ற எண்ணம் நம்ம தளிகை அரிசியிலும் இருக்கிறது.

வாசலில் யார் நிற்கலாம் என்ற சண்டை அங்கேயும் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் செசபீக் நகரில் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் மிட்டாய் கேட்டு வந்தால் சிறை வரை தண்டிக்கலாம் என்று 1970இலிருந்து சட்டம் இருந்தது. 2019இல்தான் வயதை 14 ஆக்கிச் சிறைத் தண்டனையை நீக்கினார்கள்.

அதைவிடத் துயரமான ஒன்றும் நடந்திருக்கிறது. 1992 அக்டோபர் 17 அன்று லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜில், ஜப்பானிலிருந்து படிக்க வந்திருந்த 16 வயது யோஷிஹிரோ ஹத்தோரி, ஹாலோவீன் விருந்துக்கு வேஷத்தோடு கிளம்பி, முகவரி மாறி வேறொரு வீட்டு மணியை அழுத்தினான். பயந்துபோன வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து நிற்கச் சொன்னார். விருந்துக்குத்தான் வந்தேன் என்று சொன்னபடி சிரித்த முகத்தோடு முன்னால் வந்த பையன் சுடப்பட்டு இறந்தான். வாசலுக்கு வருகிற பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கப் பழகிய ஒரு சமூகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, 31ஆம் தேதி என்ன செய்வது

வெளிநாட்டில் இருக்கிற நம்ம பிள்ளைகளுக்காக, அங்கிருக்கிறவர்கள் சொல்லிக் கேட்டதையும் பெரியம்மாவிடம் பார்த்துக் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள், அணைந்திருந்தால் வர மாட்டார்கள். அந்தத் தெருவின் பாஷை அது. எரிய விடுங்கள். மணி அடித்ததும் கதவை முழுசாகத் திறந்து வெளியே வாருங்கள். நிலைப்படி முறை அங்கேயும் பொருந்தும்.

"ஹேப்பி ஹாலோவீன்" என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். என்ன வேஷம் என்று கேளுங்கள், யார் பிள்ளை என்று கேட்காதீர்கள். அடையாளம் தெரிந்தாலும் முகமூடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். வேஷம் போட்ட பிள்ளை தன்னைப் புலி என்று சொன்னால் அன்று அது புலிதான். பயமுறுத்தினால் கொஞ்சம் பயந்து காட்டுங்கள். அதற்காக அந்தப் பிள்ளை ஒரு வாரம் காத்திருந்திருக்கும்.

ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் நீங்களே போடுங்கள். கைக்குழந்தையையும் விடாதீர்கள். அதிரசமும் முறுக்கும் கொடுக்க ஆசையாக இருக்கும், தீபாவளிப் பலகாரமும் வீட்டில் இருக்கலாம். தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்ததையும் பிரித்த பொட்டலத்தையும் அங்கே பெற்றோர்கள் சாப்பிட விட மாட்டார்கள். கடலை மிட்டாயும் வேண்டாம். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாகும் பிள்ளைகள் உண்டு. சில வீடுகளில் நீலப்பச்சை வண்ணம் அடித்த பூசணிக்காயை வாசலில் வைத்திருப்பார்கள். இங்கே உணவல்லாத சின்னப் பொருளும் கிடைக்கும் என்பதற்கு அது அடையாளம். பென்சிலோ, ஒட்டுப் படமோ ஒரு தட்டில் வைத்தால் உங்கள் வீடும் அப்படி ஆகிவிடும்.

நெட்டையாக மீசை அரும்பிய பையன்கள் வந்தாலும் கொடுங்கள். அந்த வயதில் மிட்டாய் கேட்டு வருகிற பையன் வேறு எங்கோ போகாமல் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறான். வேஷம் இல்லாமல் வருகிற பிள்ளையிடம் ஏன் போடவில்லை என்று கேட்காதீர்கள். வாங்கக் காசு இல்லாமல் இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு அந்தத் துணி உடம்பில் பட்டாலே தாங்காது. நன்றி சொல்லாமல் போகிற பிள்ளைக்குப் பேச்சே வராமல் இருக்கலாம். அதையெல்லாம் வாசலில் நின்று விசாரிக்க வேண்டியதில்லை.

இங்கே இருக்கிறவர்களுக்கு

சென்னையில் பெரிய குடியிருப்புகளில் இப்போது ஹாலோவீன் கொண்டாடுகிறார்கள். நம்ம பிள்ளைகள் வெள்ளைக்கார வேஷம் போடுவதா என்று கோபப்படுகிறவர்களையும் பார்க்கிறேன். அந்தக் கோபத்தை வேறு பக்கம் திருப்பச் சொல்வேன். எங்கள் ஊரிலேயே புரட்டாசிச் சனிக்கிழமையில் சொம்பு எடுக்கிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். சனிக்கிழமையும் டியூஷன். வீட்டு முகப்பில் கிரில், கிரில்லுக்குப் பூட்டு, பூட்டுக்கு மேல் கேமரா. "கோவிந்தா" என்று குரல் கேட்டால் உள்ளேயிருந்தே "சில்லறை இல்லப்பா" என்று பதில் வருகிறது. அந்தப் பிள்ளை சில்லறை கேட்கவில்லை, ஒரு பிடி அரிசி கேட்டது. திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்த வீடுகளில் வந்தவர் நிற்கவும் நிழல் இல்லை.

வேஷம் வெளிநாட்டிலிருந்து வந்ததா உள்ளூரா என்பது பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. குரல் கேட்டதும் ஒருவர் எழுந்து வெளியே வருகிறாரா, வந்து நிற்கிற பிள்ளையை மனசாரப் பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி. அது இருந்தால் எந்தப் பண்டிகையும் நம்ம பண்டிகைதான். அது போய்விட்டால் ஆயிரம் வருஷத்துப் பண்டிகையும் காலண்டரில் சிவப்பு எழுத்தாக மட்டும் மிஞ்சும்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அக்டோபர் 31 அன்று நியூஜெர்சியில் இருந்தால் வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள். அடுத்த புரட்டாசிச் சனிக்கிழமை பெண்ணாடத்தில் இருந்தால் ஒரு முறம் அரிசியைக் காலையிலேயே எடுத்து வையுங்கள். காலனியிலிருந்து வந்தாலும், கரும்பு வெட்ட வந்த வெளியூர்க் குடும்பத்திலிருந்து வந்தாலும், பிள்ளையின் கையில் சொம்பு இருந்தால் படி இறங்கி வந்து "வாங்க சாமி" என்று சொல்லுங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.